அரசுப் பள்ளியில் ஊருக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் "கல்விச் சீர்" என்றொரு வழக்கம் பரவி வருகிறது. தாய்மாமன் வீட்டார் சீர் கொண்டு செல்வதைப் போலவே, ஊரார் தாம்பாளத் தட்டுகளில் நோட்டுப் புத்தகங்களையும் எழுதுபொருள்களையும் அடுக்கி, பீரோ, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைத் தலையிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு, மேளதாளத்துடன் ஊர்வலமாகச் சென்று அரசுப் பள்ளியில் ஒப்படைக்கிறார்கள். பார்க்க மனம் நிறையும் காட்சிதான். ஆனால் அந்தப் பள்ளிக்கு இந்த ஆண்டு வந்த மானியம் எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று, ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லையென்றால் யாரிடம் முறையிடுவது என்று கேட்டுப் பார்த்தால், சீர் சுமந்து வந்தவர்களில் பலருக்கு விடை தெரிவதில்லை. அவற்றையெல்லாம் கேட்கும் உரிமை தமக்கு இருக்கிறது என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்காது. பள்ளியில் சமூகப் பங்கேற்பு என்று கல்வித் துறையினர் குறிப்பிடுவதில் கொடுப்பது ஒரு சிறு பகுதி. கேட்பதும், கணக்குப் பார்ப்பதும், சேர்ந்து முடிவெடுப்பதும் பெரும்பகுதி. அந்தப் பெரும்பகுதி தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எப்படி அமைந்துள்ளது என்பதை, இதைப் பற்றி முன்பின் அறியாத ஒரு பெற்றோருக்குச் சொல்வதுபோல் இங்கே விளக்க முயல்கிறேன்.

கொடையிலிருந்து உரிமைக்கு

பள்ளியை ஊர் தாங்குவது நமக்குப் புதிதன்று. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக் கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் மாநிலத்தின் பல பகுதிகளில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிகளுக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு ஊராரின் முன் வைப்பதும், நிலமாகவும் கட்டடமாகவும் மேசை நாற்காலியாகவும் சீருடையாகவும் அவர்கள் மனமுவந்து தருவதைப் பெற்றுக்கொள்வதும் அந்த இயக்கத்தின் வழிமுறை. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் முதலில் ஊராரின் கொடையில்தான் நடந்தது. அரசு நிதி பின்னால் வந்து சேர்ந்தது. ஏழை மாநிலம் ஒன்று ஊர்தோறும் பள்ளி திறக்க முனைந்த அந்த நாளில், ஊரார் கை கொடுத்திராவிட்டால் பல பள்ளிகள் கூரையின்றியே இருந்திருக்கும். ஆகவே கொடையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று.

மாறியது சட்டத்தின் நிலை. 2002-இல் செய்யப்பட்ட 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து வகுப்பறை, குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, மாற்றுத்திறன் குழந்தைகளும் தடையின்றி வந்துபோகும் வசதி, சுற்றுச்சுவர், விளையாட்டிடம், நூலகம் ஆகிய அனைத்தும் சட்டத்தின் அட்டவணையில் எழுதப்பட்ட தேவைகள் ஆயின. ஒன்று குறைந்தால், யாராவது கொடுக்க மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏன் இல்லை என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கென்றே அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு ஓர் அமைப்பையும் உருவாக்கியது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. ஊரில் பலரும் அதை எஸ்.எம்.சி. என்றே அழைக்கிறார்கள்.

குழுவில் யார் யார்?

சட்டம் சொல்லும் கணக்கு எளியது. குழுவினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எந்த விகிதத்தில் படிக்கிறார்களோ, அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோரும் இடம்பெற வேண்டும். எஞ்சிய இடங்கள் ஆசிரியர்களுக்கும், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும், கல்வியில் அக்கறையுள்ள உள்ளூர்க்காரர்களுக்கும் உரியவை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் பல ஆண்டுகள் பெயரளவில் இருந்தன. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டு, அதைத் தொடர்ந்து குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் மறு கட்டமைப்புச் செய்யப்பட்டன. ஒரு குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள். 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது எண்ணிக்கை 24 ஆக உயர்த்தப்பட்டு, முன்னாள் மாணவர்களுக்கும் இடமளிக்கப்பட்டது. தலைவர் பொறுப்பு பெற்றோரில் ஒரு பெண்ணுக்கு உரியது. தலைமையாசிரியர் தலைவர் அல்லர். இந்த ஒரு செய்தி ஊரில் பலருக்கு வியப்பளிப்பதை நான் கவனித்திருக்கிறேன். பள்ளி என்றால் தலைமையாசிரியரின் ஆளுகை என்றே நாம் பழகிவிட்டோம்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இது வேறா என்று கேட்கலாம். வேறுதான். கழகம் இச்சட்டத்துக்கு முன்பிருந்தே இருந்து வரும் சங்கம். நன்கொடை திரட்டுவது, விழா நடத்துவது, பள்ளிக்குத் துணை நிற்பது ஆகியவை அதன் வழக்கமான பணிகள். மேலாண்மைக் குழுவோ சட்டத்தால் அமைந்தது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தோ வேறு வழியிலோ வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் சட்டமே அதற்குக் கொடுத்த வேலைகள்.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம்

சட்ட வாசகமாகவே படித்துக்கொண்டு போனால் இவை மனத்தில் ஒட்டாது. ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் மொத்தம் 64 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். ஆகவே இப்பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள் உண்டு. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்து 14 பேர் வெளியேறுகிறார்கள். முதல் வகுப்பில் சேருவோர் ஒன்பது பேர்தான் என்றால் மொத்தம் 59 ஆகிவிடும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 59 என்று பதிவானால் மூன்றாமவர் "உபரி ஆசிரியர்" ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம். பிறகு ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். அதைக் கண்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளை வேன் வைத்து வரும் பள்ளிக்கு மாற்றும். சிறிய பள்ளிகள் தேய்ந்து மூடும் நிலைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் ஒரே நாளில் பூட்டுப் போட்டு விடுவதில்லை.

இந்தக் கணக்கைத் தலைமையாசிரியர் மட்டுமே அறிந்திருந்தால், அவர் மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கை கேட்க வேண்டியதுதான். இருபத்து நான்கு குடும்பங்கள் அறிந்திருந்தால் நிலைமை வேறு. எந்தத் தெருவில் ஐந்து வயது முடிந்த குழந்தை இருக்கிறது, அங்கன்வாடியிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பேர் வெளிவருகிறார்கள், எந்த வீட்டில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நான் சமூகப் பங்கேற்பு என்பதை முதன்மையாக இந்த அறிவாகவே பார்க்கிறேன். பணத்தை அரசு தரலாம். தெருவைப் பற்றிய அறிவை அரசால் தர முடியாது.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஒரு சிறுமி மூன்று வாரமாக வரவில்லை என்றால் பதிவேட்டில் விழுவது வராமையின் குறி மட்டுமே. அவளுடைய பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போயிருக்கிறார்களா, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நிறுத்தப்பட்டாளா, பூப்பெய்திய பின் கழிப்பறை சரியில்லாத பள்ளிக்கு வரத் தயங்குகிறாளா என்பது அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். அந்த அடுத்த வீட்டுப் பெண் குழுவில் உறுப்பினராக இருந்தால், மூன்று வாரம் என்பது மூன்று நாளில் முடியக்கூடும்.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் வகுக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் 30 வரை இருந்தால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம் ரூபாய். இதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கானது. நம் 64 பிள்ளைகள் பள்ளிக்கு 25,000 ரூபாய் என்றும், அதில் 2,500 ரூபாயாவது தூய்மைக்கு என்றும் கணக்கு வருகிறது. மாதத்துக்கு இருநூறு ரூபாய் சொச்சத்தில் கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி உடனே எழும். எழ வேண்டும் என்பதற்காகத்தான் கணக்கைச் சொல்கிறேன். தொகை போதாது என்பதைக் குழு உணர்ந்தால், அது தீர்மானமாகும். தீர்மானம் ஊராட்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் போகும். தொகையே தெரியாத ஊரில், தலைமையாசிரியர் கழிப்பறையைக் கவனிப்பதில்லை என்ற பேச்சு மட்டுமே மிஞ்சும். வெளிப்படையான கணக்கு முதலில் காப்பாற்றுவது நேர்மையான தலைமையாசிரியரைத்தான்.

இந்தத் தேவைகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து எழுதும் ஆவணத்துக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று பெயர். சட்டத்தின் 22-ஆவது பிரிவு அதைக் குழுவின் கடமையாக்குகிறது. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள் அதில் அடங்கும். வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் எண்ணிக்கை மதிப்பீடு, கூடுதலாகத் தேவைப்படும் ஆசிரியர்கள், கட்டடமும் தளவாடமும், அவற்றுக்கான பணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அரசு தரும் நிதிக்கு இத்திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு பள்ளியின் திட்டத்தையே அடுத்த பள்ளி பெயர் மாற்றி எழுதிக்கொள்வதும் உண்டு. அப்படி எழுதப்பட்ட தாளில், தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே இருக்கும் பள்ளி இன்னொரு தண்ணீர்த் தொட்டி கேட்டுக்கொண்டிருக்கும்.

கூட்டம் என்பது எப்படி நடக்கிறது

குழு மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூடுவது தமிழ்நாட்டில் வழக்கமாக்கப்பட்டுள்ளது. தீர்மானங்களைப் பதிவேட்டில் எழுதுவதோடு, பெற்றோருக்கென உருவாக்கப்பட்ட கைப்பேசிச் செயலியிலும் பதிவு செய்கிறார்கள். சென்ற மாதத் தீர்மானம் என்னவாயிற்று என்பதை இதனால் பின்தொடர முடிகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பரிமாறப்படும் முன் உணவைச் சுவைத்துப் பார்ப்பதிலும் குழு உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு. உப்பு கூடினால் அன்றே சொல்லிவிடலாம். மனு எழுத வேண்டியதில்லை.

இனிச் சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது நேரம். அரசுப் பள்ளிப் பெற்றோரில் பலர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால், வயலுக்கோ கட்டட வேலைக்கோ போகும் தாய்க்கு அரைநாள் கூலி, சில நேரம் முழுநாள் கூலி போய்விடும். உறுப்பினருக்கு அமர்வுப்படி கிடையாது. ஆகவே வராதவர்கள் அக்கறையற்றவர்கள் என்று முடிவு கட்டுவது அநியாயம். வராதவர்களின் வீட்டுக்குப் பிள்ளையிடம் பதிவேட்டைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது. பதிவேடு நிறையும், கூட்டம் நடந்திருக்காது. மாலை ஆறு மணிக்கு, பள்ளியில் முடியாவிட்டால் தெருவில், ஒரு வேப்பமரத்தடியில் கூடினால் என்ன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அப்படித்தான் மாலை வேளையில் தெருக்களுக்குச் சென்றது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்களே தன்னார்வலர்களாகப் பாடம் நடத்தினார்கள். மக்கள் இருக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பள்ளி இறங்கி வந்தால் கூட்டம் சேரும் என்பதற்கு அதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல் பெண் தலைமை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மனைவியாகவும், நாற்காலியில் அமர்பவர் கணவராகவும் இருக்கும் நிலையை ஊராட்சிகளில் நாம் கண்டிருக்கிறோம். பள்ளிக் குழுக்களும் அதற்கு விலக்கல்ல. இதற்குத் தலைமையாசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பேச வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேச வைப்பது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் வரவு செலவு எழுதிப் பழகிய பெண்கள் இருக்கும் ஊர்களில் இது அவ்வளவு கடினமும் அன்று.

மூன்றாவது சிக்கல்தான் ஆழமானது. "ஊர்" என்ற சொல்லே தமிழ்நாட்டில் எல்லாரையும் குறிப்பதில்லை. ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம் என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் "ஊர் கூடிப் பள்ளியை நடத்துவோம்" என்றால், எந்த ஊர் என்ற கேள்வி வரும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்த செய்திகள், சத்துணவுக் காலத்திலிருந்து காலை உணவுக் காலம் வரை வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களும் சமூகம்தான், அதுவும் ஒரு பங்கேற்புதான். ஆகவே சமூகம் பள்ளிக்குள் வருவது தானாகவே நல்லதாகிவிடும் என்று நம்ப நான் தயாராக இல்லை. நலிந்த பிரிவினருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருப்பது இதனால்தான். அந்த இடங்கள் நிரப்பப்பட்டனவா, நிரப்பப்பட்டவர்கள் தரையில் அல்லாமல் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார்களா என்பதைப் பார்த்தால், ஒரு குழுவின் தரத்தை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம்.

குழுவால் ஆகாதவை

குழுவின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியரை இடம் மாற்றும் அதிகாரம் அதற்கில்லை. வகுப்பறைக்குள் புகுந்து பாடம் நடத்தும் முறையைத் திருத்துவதும் அதன் வேலையன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கற்பித்தல் சாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27-ஆவது பிரிவு கூறுகிறது. அது மீறப்படும்போது ஆசிரியருக்காகக் குரல் கொடுக்க வேண்டியதும் இதே குழுதான். ஆசிரியர்கள் குழுவை வேவு பார்க்கும் கூட்டமாக எண்ணத் தொடங்கினால் வேலை கெட்டுவிடும்.

சில வேளைகளில் குழுவின் தோளில் அதற்கு மீறிய சுமையும் ஏற்றப்படுகிறது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 பணியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு மேலாண்மைக் குழுக்கள் வழியாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட மாத ஊதியம், எதிர்ப்புக்குப் பின் முறையே 12,000, 15,000, 18,000 என உயர்த்தப்பட்டது. காலியிடத்தைச் சுட்டிக்காட்டுவது குழுவின் பணி. அதைக் குறைந்த ஊதியத்தில் நிரப்பித் தரும் பொறுப்பையும் பெற்றோரிடம் விடுவது, நிரந்தர நியமனம் செய்ய வேண்டிய அரசின் கடமையை ஊரின் தலையில் வைப்பதாகிவிடும் என்பது என் கருத்து. 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளிகளுக்கு நிதியும் பொருளும் வழங்க வழி செய்கிறது. அதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கணினி தரும் கொடையாளர் வரவேற்கத்தக்கவர். ஆனால் எந்தப் பள்ளிக்கு எது முதலில் வேண்டும் என்பதைக் குழுவின் வளர்ச்சித் திட்டம் சொல்ல வேண்டும். கொடையாளரின் விருப்பம் சொல்லக் கூடாது.

முதல் முறை போகிறவருக்கு

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது, நீங்கள் குழுவில் இல்லை என்றால், முதலில் யார் யார் உறுப்பினர் என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைக் காட்டச் சொல்லுங்கள். முதல் கூட்டத்திலேயே ஆசிரியர்கள் மேல் குறை சொல்லித் தொடங்கினால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வருவது அரிது. கைகழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது போன்ற, சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு சிறு செய்தியோடு போவது மேல். அது தீர்மானத்தில் ஏறியதா, அடுத்த மாதம் யார் பொறுப்பு என்று எழுதப்பட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பள்ளியளவில் தீராதவற்றுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் அதற்கு வகுக்கப்பட்டுள்ளன. சுற்றுச்சுவரும் குடிநீர் இணைப்பும் ஊராட்சி வழியாக நடக்க வேண்டிய வேலைகள் என்பதால், குழுவின் தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே பேசுவதற்கு எடை அதிகம். கல்வி தொடர்பான ஐயங்களுக்கும் முறையீடுகளுக்கும் 14417 என்ற உதவி எண்ணும், குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலையில் 1098 என்ற எண்ணும் உள்ளன. இரண்டையும் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதே உங்கள் முதல் கூட்டத்துக்கான சிறு செய்தியாகவும் இருக்கலாம்.